துக்கம் சுமந்து போகும் தெற்கத்திச் சாலை

தாம்பரத்தில் தொடங்கி செங்கல்பட்டு, திண்டிவனம், திருச்சி, மதுரை, கோவில்பட்டி வழியாக நெல்லைக்குப் போகிறது அந்தச் சாலை. சுமார் 600 கிலோமீட்டர். நம்மில் பலருக்கு அது சந்தோஷத்தின் சாலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பரனூர் டோல்கேட்டில் கார்கள் வரிசைகட்டி நிற்பதை ஆண்டுதோறும் டி.வி-யில் பார்க்கிறோம்.

பண்டிகை இல்லாத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை ராத்திரி, 10 மணிக்கு மேல் அதே சாலையில் போய்ப் பாருங்கள். லாரிகளுக்கும் ஆம்னி பஸ்களுக்கும் நடுவே சில கார்கள் தனியாகத் தெரியும். உள்ளே பாட்டு ஓடாது. நாலு பேர் இருப்பார்கள், ஒருவரோடு ஒருவர் பேச மாட்டார்கள். டீக்கடையில் வண்டி நின்றால் ஒருவர் மட்டும் இறங்கி, காரைவிட்டுத் தள்ளிப்போய், போனில் குரலைத் தாழ்த்திப் பேசுவார்.

"சாவுக்குப் போற காரு எனக்குப் பார்த்ததுமே தெரியும் சார். டீய வாங்கிட்டுக் குடிக்காம கையிலயே வெச்சிருப்பாங்க" என்றார் விழுப்புரம் பக்கம் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர்.

அப்படிப் போகும் பல கார்களில் விஷயம் தெரியாத ஒருவர் உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் அவர்தான் இறந்தவருக்கு மிக நெருங்கியவர். மகள், அக்கா, மனைவி. அவரிடம் மட்டும், "கொஞ்சம் சீரியஸா இருக்காங்களாம்" என்று சொல்லப்பட்டிருக்கும்.

'சீரியஸ்' என்ற சொல்

இந்தச் சொல் நமக்குத் தந்தியோடு வந்தது. 'மதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி' என்று வந்தால் அம்மா போய்விட்டாள் என்றே பலர் புரிந்துகொண்டார்கள். தந்திக்காரர் சைக்கிளை நிறுத்தும்போதே, பிரித்துப் படிக்கும் முன்பே அழுகை தொடங்கிய வீடுகள் உண்டு. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவை நின்றுபோனது. சொல் மட்டும் நிற்கவில்லை, செல்போனுக்குள் குடியேறிவிட்டது.

அந்தப் பாதிப் பொய்க்கு அன்று ஒரு நியாயம் இருந்தது. மெட்ராஸில் ஒற்றை அறையில் தங்கி வேலை பார்க்கிற பையனுக்குத் தந்தி போகும். அவன் எழும்பூருக்கு ஓடி, ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் ஏறி, முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே ராத்திரி முழுக்க வர வேண்டும். வழியில் அவனைத் தாங்கிப் பிடிக்க ஆள் கிடையாது. அதனால் கொஞ்சம் நம்பிக்கையைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். ஊர் ஸ்டேஷனில் சித்தப்பாவோ மாமாவோ காத்திருப்பார். அவர் தோளில் கை போட்ட பிறகுதான் முழு உண்மை தெரியும்.

பொய் சொல்வது அவர்கள் நோக்கமில்லை. இப்படி ஒரு செய்தியைக் கேட்கும்போது யாரும் தனியாக இருக்கக் கூடாது என்பதுதான் நோக்கம்.

மதுராந்தகம்: முந்தானையில் முடிந்த காசு

சில வருடங்களுக்கு முன் நானும் என் மனைவியும் அப்படி ஒரு காரில் போனோம். கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமம் எங்கள் ஊர். சித்தப்பாவுக்கு 61 வயது. சாயங்காலம் புஞ்சையிலிருந்து திரும்பியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

அவருக்கு ஒரே அக்கா. எங்கள் அத்தை. தாம்பரத்தில் இருந்தார். அவரை அழைத்துவரும் பொறுப்பு எனக்கு. ஊரிலிருந்து பெரியப்பா போனில் கண்டிப்பாகச் சொன்னார். "ஏலேய், அவகிட்ட இப்பச் சொல்லிராத. சீரியஸா இருக்கான்னு மட்டும் சொல்லிக் கூட்டிட்டு வா. சுகரு, பிரஷரு ரெண்டும் இருக்கு அவளுக்கு. வழியில ஏதாச்சும் ஆயிட்டா என்ன செய்ய?"

அவர் பயத்திலும் அர்த்தம் இருந்தது. அத்தைக்கு 68 வயது.

ஒன்பதரைக்குக் கிளம்பினோம். அத்தை கையில் ஒரு பெரிய பை. பிளாஸ்க், பெட்ஷீட், டம்ளர், இரண்டு துண்டு. ஆஸ்பத்திரியில் கூடவே இருந்து தம்பியைப் பார்த்துக்கொள்ளத் தயாராக வந்திருந்தார். "எத்தன நாளாகுமோ தெரியலயே" என்றார். நாங்கள் இருவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம்.

பரனூரைத் தாண்டி, பாலாற்றுப் பாலத்தைக் கடந்து, மதுராந்தகம் ஏரிக்கரை வந்தது. மழைக்காலத்தில் ததும்பி நிற்கும் ஏரி அது. ஏரி உடையாமல் ராமர் காத்தார் என்ற கதையோடு அங்கே கோயில் கொண்டிருப்பவருக்கு 'ஏரி காத்த ராமர்' என்றே பெயர். அந்த இடத்தில் அத்தை பர்ஸைத் திறந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்தார். முந்தானை நுனியில் வைத்து முடிந்தார்.

"இருக்கன்குடித் தாயே, என் தம்பிய எழுப்பி உக்கார வெச்சிரு. வந்து எம் முடிய எறக்குறேன்."

சாத்தூர் பக்கத்தில், அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இடத்தில் இருக்கிறது இருக்கன்குடி மாரியம்மன் கோயில். கரிசல் ஜனங்கள் உடம்புக்கு ஒன்று என்றால் முதலில் கூப்பிடுவது அவளைத்தான். ஆனால், நாலு மணி நேரத்துக்கும் முன்பே போய்விட்ட உயிருக்காக அத்தை தன் தலைமுடியை நேர்ந்துகொண்டிருந்தார்.

என் போனில் குடும்ப வாட்ஸ்அப் குரூப் துடித்தது. யாரோ சித்தப்பாவின் படத்தைப் போட்டு, பக்கத்தில் விளக்குப் படம் வைத்திருந்தார்கள். அடியில் வரிசையாக 'ஆர்.ஐ.பி.' அத்தையின் கைப்பையிலும் ஒரு ஸ்மார்ட்போன் இருந்தது. பெங்களூரில் இருக்கும் மகன் வாங்கிக் கொடுத்தது. தினமும் ஸ்டேட்டஸ் பார்க்கிற பழக்கமும் அவருக்கு உண்டு.

மனைவி என்னைப் பார்த்தாள். விக்கிரவாண்டியில் நிறுத்தச் சொன்னேன்.

விக்கிரவாண்டி: ஒரு பிளாஸ்டிக் நாற்காலி

தெற்கே போகிற பஸ்கள் பல நின்று போகிற இடம் விக்கிரவாண்டி. நள்ளிரவிலும் தோசைக்கல் காய்ந்துகொண்டிருக்கும், பாட்டு அலறும். கூட்டம் இல்லாத ஓரமாகப் பார்த்து மூன்று நாற்காலிகளை இழுத்துப் போட்டோம். அத்தை முகம் கழுவிவிட்டு வந்தார். தண்ணீர் குடித்தார். ராத்திரி போட வேண்டிய மாத்திரையை வீட்டிலேயே சாப்பாட்டுக்குப் பின் போட்டாயிற்று என்று மனைவி உறுதி செய்துகொண்டாள். பிறகு அத்தையின் கையைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத்தே, ஒரு கஷ்டமான விஷயம் சொல்லணும்" என்றேன்.

அத்தை நிமிர்ந்து பார்த்தார். "நெசத்தச் சொல்லுய்யா. இருக்கானா, இல்லையா?"

"இல்லத்தே. சாயங்காலம் ஆறு மணிக்குச் சித்தப்பா இறந்துட்டாரு. நெஞ்சு வலி. ரொம்ப நேரம் கஷ்டப்படல."

அவர் மயங்கி விழவில்லை. கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பஸ் வந்து நின்று, ஆட்கள் இறங்கி, மறுபடி ஏறினார்கள். பிறகு கேட்டார். "மத்தியானம் சாப்பிட்டானா?"

"சாப்பிட்டாரு அத்தே."

"என்ன கொழம்பு?"

எனக்குத் தெரியவில்லை. ஊருக்கு போன் போட்டுக் கேட்டேன். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. அதைக் கேட்டதும்தான் அத்தை உடைந்து அழுதார். பக்கத்து மேஜையில் இருந்த முன்பின் தெரியாத ஓர் அம்மா எழுந்துவந்து, எதுவும் கேட்காமல் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

திருச்சி வரை: அத்தைக்குக் கிடைத்த நேரம்

உளுந்தூர்பேட்டை வரை அழுகை. அதன்பிறகு அத்தை பேச ஆரம்பித்தார். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டே பருத்தி எடுக்கப் போனது, கண்மாயில் அவன் முங்கிப்போய்த் தலைமுடியைப் பிடித்து இழுத்தது, கல்யாணமாகித் தான் புறப்பட்ட வண்டிக்குப் பின்னாலேயே ஊர் எல்லை வரை அவன் ஓடிவந்தது. பெரம்பலூர் தாண்டும் வரை பேசினார். நடுவில் ஒருமுறை சிரிக்கக்கூடச் செய்தார்.

பிறகு அவரே போனை எடுத்தார். சித்தியிடம் பேசினார். "நான் வந்துக்கிட்டிருக்கேன். நீ ஒரு வாய் காபித் தண்ணியாவது குடி." பெங்களூரில் இருக்கும் மகனிடம் விஷயத்தைத் தானே சொன்னார். "நீ காரு ஓட்டிட்டு வராத. பஸ்ஸுல வா" என்றார். கயத்தாறில் இருக்கும் வயதான பெரியம்மாவுக்கு யார் போய்ச் சொல்வது என்பதையும் அவரே முடிவு செய்தார்.

சமயபுரம் டோல்கேட் வந்தபோது கை கூப்பினார். எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. கொள்ளிடத்தையும் காவிரியையும் பாலத்தில் கடக்கும்போது தூரத்தில் மலைக்கோட்டை விளக்குகள் தெரிந்தன. அப்போது கண்ணயர்ந்தார்.

'சீரியஸ்' என்று சொல்லியே கூட்டிப்போயிருந்தால் அந்த 8 மணி நேரமும் ஒவ்வொரு கோயிலாகப் பேரம் பேசிக்கொண்டே வந்திருப்பார். ஊர் எல்லையில் பந்தலைப் பார்த்ததும் எல்லாம் ஒரே அடியாக விழுந்திருக்கும். அழுவதற்கும் நினைப்பதற்கும் அந்தச் சாலை தந்திருந்த நேரம் வீணாகியிருக்கும். முக்கியமாக, 'என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது' என்ற வேதனை தம்பி போன துக்கத்தோடு சேர்ந்திருக்கும்.

விமானத்தில் வருகிறவர்கள்

திருச்சி வந்தால் இன்னொரு கூட்டத்தையும் நினைக்க வேண்டும். இங்கிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், ஷார்ஜா என்று விமானங்கள் போய்வருகின்றன. ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் கிராமங்களிலிருந்து வேலைக்குப் போனவர்கள் வந்து இறங்குகிற வாசல் இது. அப்பா இறந்த செய்தி கேட்டு, கிடைத்த விமானத்தில் ஏறி, மாற்றுச் சட்டைகூட இல்லாமல் வந்து இறங்குகிறவர்களை இங்கே பார்க்கலாம். ஊரில் ஐஸ் பெட்டியில் உடல் அவர்களுக்காகக் காத்திருக்கும்.

அவர்களுக்குச் செய்தி சொல்வது இன்னும் கடினம். கிரேன் ஓட்டிக்கொண்டிருக்கலாம், சாரத்தில் உயரத்தில் நிற்கலாம். விவரம் தெரிந்த குடும்பங்கள் நேராக அவனுக்குப் பேசுவதில்லை. முதலில் ரூமில் கூட இருக்கும் ஊர்க்காரப் பையனுக்குப் பேசுகிறார்கள். அவன் வேலை முடிந்து ரூமுக்கு வந்து, கூட ஆள் இருக்கும்போதுதான் சொல்கிறார்கள். பழைய தந்திக் காலத்தில் ஊர் ஸ்டேஷனில் மாமா காத்திருந்த அதே ஏற்பாடுதான் இது. இதில் பொய் இல்லை, தனிமையும் இல்லை.

கரிசல் பூமி: கேதம் சொன்ன கால்கள்

மதுரையைச் சுற்றிக்கொண்டு கப்பலூர், விருதுநகர் கடந்தால் மண்ணின் நிறம் மாறிவிடும். கறுத்த மண், உடை மரம், பனை. இங்கே சாவுக்குக் 'கேதம்' என்று பெயர். இன்னும் தெற்கே போனால் 'துட்டி' என்பார்கள். கொங்குப் பக்கம் 'எழவு', மற்ற இடங்களில் 'துக்கம்', 'பெரிய காரியம்'. யாழ்ப்பாணத்தில் 'செத்த வீடு'. இஸ்லாமியர்கள் 'மவுத்' என்பார்கள், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும். கடலோரக் கிறிஸ்தவக் கிராமங்களில் கோயில் மணி விட்டு விட்டு அடித்தால் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம்.

போன் வருவதற்கு முன்னால் கேதம் சொல்ல ஆள் போனார். அந்த வேலை யார் தலையில் விழுந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. ஒடுக்கப்பட்ட சாதியினர் மீது சுமத்தப்பட்ட ஊழியம் அது. ராத்திரியானாலும் மழையானாலும் ஊர் ஊராக நடந்து, வாசலுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டு, கொடுத்த சில்லறையையோ தானியத்தையோ வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடந்தார்கள். படித்து, விழிப்பு வந்து, 'இனி செய்ய மாட்டோம்' என்று அவர்களின் பிள்ளைகள் மறுத்தது நியாயமானது. ஆனால், ஒருவர் நேரில் வந்து நின்று வாயால் சொன்னார் என்பது அந்தச் செய்திக்குக் கிடைத்த மரியாதை. அந்த வேலையை இனி உறவுக்காரர்களான நாம்தான் செய்ய வேண்டும்.

கருமாதிக் கடிதத்தின் ஓரத்தில் கறுப்பு மை தடவியிருப்பார்கள். படித்ததும் கிழித்துப்போடுவது வழக்கம். அந்தக் கறுப்பு ஓரத்துக்கும் ஓர் உபயோகம் இருந்தது. படிப்பதற்கு முன்பே, 'மனசைத் திடப்படுத்திக்கொள்' என்று அது சொல்லிவிடும்.

கோவில்பட்டியைத் தாண்டி இதே சாலையோரம் இருக்கிறது இடைசெவல். எழுத்தாளர் கி.ராஜநாராயணனின் ஊர். கரிசல் மக்களின் பேச்சுச் சொற்களைத் தேடித் தேடி அகராதியாகத் தொகுத்தவர். 2021 மே மாதம் புதுச்சேரியில் காலமானவரை, அவர் பிறந்த இந்த மண்ணுக்கே கொண்டுவந்து அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். எங்கே போனாலும் கடைசியில் ஊருக்கே வந்து சேர்வது இந்தப் பக்கத்து ஜனங்களின் ஆசை.

சாத்தூரைக் கடக்கும்போது விடிந்துவிட்டது. அத்தை முந்தானை முடிச்சைத் தொட்டுப்பார்த்தார். அவிழ்க்கட்டுமா என்று என் மனைவி கேட்டாள். "வேண்டாந்தாயி. அவளுக்குன்னு முடிஞ்சது அவளுக்குத்தான். இன்னொரு நாளு வந்து போட்டுருவோம்" என்றார்.

தெருமுனையில் இறங்கியதும் பெண்கள் எதிர்கொண்டு வந்து அத்தையைக் கட்டிக்கொண்டார்கள். பெரியப்பா பதற்றத்தோடு என் முகத்தைப் பார்த்தார். அத்தை அவரைக் கடந்துபோய், நேராகச் சித்தி பக்கத்தில் உட்கார்ந்து, அவரைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார்.

எப்படிச் சொல்வது?

மருத்துவர்களுக்கே இதற்குப் பயிற்சி உண்டு. அமைதியான இடம், உட்கார்ந்து பேசுவது, கேட்பவரைத் தயார்ப்படுத்தும் ஒரு வாக்கியம், சுற்றிவளைக்காத சொற்கள், பிறகு மௌனம் என்று கற்றுக்கொடுக்கிறார்கள். நம் வீடுகளுக்கும் அது பொருந்தும்.

* முதலில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். ரத்த உறவுகள் எல்லோருக்கும் சொல்லி முடிக்கும் வரை குரூப்பிலும் ஸ்டேட்டஸிலும் எதையும் போடாதீர்கள்.

* போனில் சொல்ல வேண்டி வந்தால், "எங்கே இருக்கே? பக்கத்துல யார் இருக்கா?" என்று முதலில் கேளுங்கள். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். தனியாக இருப்பவர் என்றால் முதலில் அவருக்குத் தெரிந்த ஒருவரை அங்கே அனுப்புங்கள்.

* "ஒரு கஷ்டமான விஷயம்" என்று ஒரு வாக்கியம். அதுதான் கடிதத்தின் கறுப்பு ஓரம். அடுத்த வாக்கியத்தில், "இறந்துட்டார்" என்றே சொல்லுங்கள். "நம்மள விட்டுட்டார்", "நிலைமை சரியில்லை" என்றெல்லாம் சொன்னால் கேட்பவர் மனம் நம்பிக்கையின் பக்கம்தான் சாயும்.

* வயதானவர், உடல்நலம் இல்லாதவர் என்றால் சாப்பாடு, மாத்திரை முடிந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் தெம்பான ஓர் ஆள் இருக்கட்டும். சில நிமிடம் தள்ளிப்போடலாம், ராத்திரி முழுக்க வேண்டாம்.

* குழந்தைகளிடம், "தாத்தா தூங்குறார்" என்று சொல்லாதீர்கள். பிறகு தூங்கவே பயப்படும். "தாத்தா இறந்துட்டார், இனிமே வர மாட்டார். நாங்க உன்கூட இருக்கோம்" என்பது அவர்களுக்குப் புரியும்.

* சொன்ன பிறகு ஆறுதல் வசனங்கள் வேண்டாம். அவர்கள் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அது, "என்ன கொழம்பு?" என்ற கேள்வியாக இருந்தாலும் விசாரித்துச் சொல்லுங்கள். கடைசி நாளை அவர்கள் மனதுக்குள் கோத்துப்பார்க்க அந்தச் சின்னத் தகவல்கள்தான் உதவும்.

இன்று ராத்திரியும் தாம்பரத்திலிருந்து தெற்கே சில கார்கள் பாட்டு ஓடாமல் போகும். அடுத்த முறை அப்படி ஒரு கார் உங்களுக்குப் பின்னால் வந்து லைட் அடித்தால் கொஞ்சம் ஒதுங்கி வழி விடுங்கள். அந்தக் காருக்குள் நீங்களே இருந்து, பக்கத்தில் இருப்பவருக்கு விஷயம் தெரியாது என்றால், அடுத்து வெளிச்சமாக ஒரு கடை வந்ததும் வண்டியை ஓரங்கட்டுங்கள். முதலில் குடிக்கத் தண்ணீர் கொடுங்கள்.